சாப்பா எறிந்த ஊரும் கயிறு பிடித்த பையன்களும்

‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படம் 2024 பிப்ரவரியில் வந்ததிலிருந்து சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு ஒரு மவுசு. நாகர்கோவில் அக்கா மகன் போன் பண்ணி, “மாமா, அந்த மஞ்சும்மல் உங்க பக்கம்தானா?” என்று கேட்டான். “பக்கம் என்னடே பக்கம், எங்க ஏலூர் நகராட்சிக்குள்ளதான் கெடக்கு” என்றேன். மதுரையில் இருக்கிற பழைய சிநேகிதர் கேட்டார். எப்போதோ ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட தூரத்துச் சம்பந்தி கேட்டார். அந்தப் பையன்களைக் கரையேற்றியதில் எனக்கும் ஏதோ கை இருந்ததாக நினைத்துக்கொள்ளும்படிதான் எல்லாருக்கும் பதில் சொன்னேன். வயசான காலத்தில் கிடைக்கிற சில்லறைச் சந்தோஷம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 2006-ல் மஞ்சும்மலிலிருந்து ஒரு நண்பர் கூட்டம் கொடைக்கானலுக்குப் போனது. 1991-ல் வந்த ‘குணா’ படத்தால் பெயர் பெற்ற குகையில், போகக்கூடாது என்று அடைத்து வைத்திருந்த இடத்துக்குள் நுழைந்தார்கள். ஒருவர் பாறை இடுக்கில் நழுவி உள்ளே போய்விட்டார். போலீஸ் வந்தது, தீயணைப்புப் படை வந்தது. அந்தப் பள்ளத்தில் இறங்க யாரும் துணியவில்லை. கடைசியில் அந்த நண்பர்களில் ஒருவரான சிஜு டேவிட் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, விழுந்தவரோடு மேலே வந்தார். பின்னால் அவருக்கு ஜீவன் ரக்ஷா பதக் கிடைத்தது.

படம் பார்த்துவிட்டு வந்த பிறகும் ஒரு விஷயம் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எழுதி வைத்த எச்சரிக்கையை மதிக்காமல் தடுப்பைத் தாண்டியவர்களும், கொஞ்ச நேரம் கழித்து மழையில் அந்தக் கயிற்றைவிட்டு நகராமல் நின்றவர்களும் ஒரே ஆட்கள்தானே? முதல் காட்சியை மட்டும் பார்த்தவன் ‘பொறுப்பில்லாத பயல்கள்’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பான். அவன் எழுதியது பொய்யும் இல்லை.

எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெரியாற்றுக்குள் கிடக்கிற ஒரு திட்டு ஏலூர். பதினோரு சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட இருக்கும், அவ்வளவுதான். திருவிதாங்கூரில் சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்தபோது, 1943-ல், திருச்சி சேஷசாயி சகோதரர்கள் முன்னின்று இங்கே ஃபாக்ட் உரக் கம்பெனியை ஆரம்பித்தார்கள். 1947-ல் உற்பத்தி தொடங்கியது. நாஃப்தா, எரிவாயு எல்லாம் அப்புறம் வந்தவை. முதலில் விறகிலிருந்து வாயு எடுத்துத்தான் அம்மோனியா செய்தார்கள் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்புவதில்லை. பிறகு காஸ்டிக் சோடா, டி.டி.டி., அருமண் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. வேலைக்கு ஆளும் வந்தார்கள். 1956 வரை நாகர்கோவிலும் திருவிதாங்கூர்தான் என்பதால், எங்கள் ஆட்களுக்கு ஏலூர் அந்நியமாகத் தெரியவில்லை. அந்த வழியில்தான் நானும் ஒரு அப்ரன்டிஸாக இங்கே வந்து, இங்கேயே கிழவனாகிவிட்டேன். நான் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். அதில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இந்தத் தெருவில்தான் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

அந்தப் பேரப்பிள்ளைகளில் ஒருத்தி களமசேரியில் எம்.பி.ஏ. படிக்கிறாள். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், கோபம் வந்தால் ஆங்கிலம். ஒருநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, “தாத்தா, இத ஒருவாட்டி படிச்சுப் பாருங்க. நீங்க ஃபாக்டரில ஆளுங்கள மேய்ச்சவங்கதானே” என்றாள். தலைமை, ஆளுமை வகைகள், குழு எப்படி இயங்குகிறது என்ற மூன்றையும் தன் சொந்த அனுபவத்தை வைத்து அலசி எழுத வேண்டுமாம். நன்றாகவே எழுதியிருந்தாள். அவர்கள் குழுவில் ஐந்து பேர். ஒவ்வொருவருக்கும் ஆங்கிலத்தில் நான்கெழுத்துப் பட்டம் ஒன்றைச் சூட்டியிருந்தாள். இவர் பிறவித் தலைவர், இவர் யோசனைக்காரர், இவர் சமாதானப் புறா. ஐந்தாவது ஒரு பெண். அவளைப் பற்றி, ‘உள்ளொடுங்கியவர், தானாக முன்வராதவர், குழுவின் வேகத்தைக் குறைத்தவர்’ என்று எழுதியிருந்தாள்.

அந்த நான்கெழுத்துப் பட்டத்தின் பூர்வீகம் சுவாரசியமானது. சுவிட்சர்லாந்துக்காரர் கார்ல் யுங் 1921-ல் மனிதர்களின் உளவியல் வகைகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதைப் படித்துவிட்டு அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் ஒரு கேள்வித்தாளைத் தயாரித்தார்கள். இருவருமே உளவியலை முறையாகப் படித்தவர்கள் கிடையாது. மகள் அதற்கு முன் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். பதினாறு வகை என்று அவர்கள் பிரித்ததை உலகம் முழுக்கக் கம்பெனிகள் தூக்கிக் கொண்டாடின. ஒரு குறை உண்டு. சில வாரம் கழித்து அதே ஆளை மறுபடி அதே கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொன்னால், கணிசமானவர்களுக்கு வேறு வகை வந்துவிடுகிறது. ஆராய்ச்சிக்காரர்கள் பலரும் இதைச் சுட்டிக் காட்டிவிட்டார்கள். ஆனாலும் ஜோசியம் பார்ப்பதை நம்மால் விட முடிகிறதா? ‘நீங்கள் வெளியே கடினம், உள்ளே மென்மை’ என்று யாராவது சொன்னால் காதுக்கு இனிக்கத்தானே செய்கிறது.

சிரிக்க எனக்கு உரிமை இல்லை. எழுபதுகளில் எர்ணாகுளத்தில் ஒரு மாலை வகுப்பில் நிர்வாகம் படிக்கப் போனவன் நான். ஷிப்ட் முடித்து, குளித்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பஸ் பிடித்துப் போவேன். அங்கே சொல்லிக் கொடுத்ததில் அரைகுறையாகப் புரிந்ததை வைத்துக்கொண்டு, எங்கள் செக்‌ஷனில் இருந்த அத்தனை பேரையும் ஒரு நோட்டில் வகை பிரித்தேன். கால் பிடிக்கிறவர், முறைக்கிறவர், ஒதுங்குகிறவர், உழைக்கிறவர் என்று நான்கு பத்தி. கோடெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டது. என் பெயரை நான்காவது பத்தியில் முதலாவதாக எழுதியிருந்தேன் என்பதைச் சொல்லவே வேண்டாம். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஃபோர்மேன் வீட்டுக்கு ஒரு டப்பா முந்திரிக்கொத்து கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த ஆளும் நான்தான். அது பாசமாம், கால் பிடிப்பதில் வராதாம்!

முந்திரிக்கொத்துக்குக் காரணம் ஓ.டி. ஓவர்டைம். அந்தக் காலத்தில் சம்பளத்தில் குடும்பம் ஓடும், ஓ.டி.யில்தான் வீட்டுக்கு ஓடு மாற்றுவதும் தங்கச்சி கல்யாணமும் நடக்கும். எங்கள் செக்‌ஷனில் ஓ.டி. கொடுக்கிற முறை ரொம்ப எளிது. மதிய ஷிப்ட் மாறும் நேரத்தில் ஃபோர்மேன் டைம் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். ஒரு சுற்றுப் பார்ப்பார். விரலை நீட்டுவார். நீ, நீ, நீ. முடிந்தது. காரணம் கேட்க முடியாது. ஒருத்தன் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு கேட் வரை வருவான். ஒருத்தன் அவர் வீட்டுக் கிணற்றில் பாசி எடுத்துக் கொடுப்பான். கோழிக்கோட்டுக்காரர் ஒருவர் மட்டும் விரல் தன் பக்கம் வருகிற நேரத்தில் வேண்டுமென்றே பீடி பற்ற வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து நிற்பார். அவருக்கு என் நோட்டில் ‘முறைக்கிறவர்’ பத்தி. எங்களுக்குள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டோம். கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தால்கூட என்ன கணக்கு என்று யோசிக்கிற நிலைமை.

பிறகு யூனியன் பேசி ஒரு ஒப்பந்தம் வந்தது. ஓ.டி.க்கு முறை வைத்துப் பட்டியல் போட வேண்டும், பெயர்களைக் கரும்பலகையில் எழுத வேண்டும், ஒருவர் வேண்டாம் என்றால் அடுத்தவருக்குப் போகும். இதுதான் மொத்த மாற்றம். யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லை, யாரையும் திருத்தவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் செக்‌ஷன் எனக்கே அடையாளம் தெரியவில்லை. குடை பிடித்தவன் குடையை விட்டான். பார்த்தால் அவன் நல்ல வேலைக்காரன், அதைவிட நல்ல கேலிக்காரன். இரவு ஷிப்டில் அவன் இருந்தால் தூக்கம் வராது. பீடிக்காரர் புதுப் பையன்களுக்கு வால்வு திறக்கிற பக்குவத்தைக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த மனிதருக்குள் ஒரு வாத்தியார் உட்கார்ந்திருந்ததை நான் கண்டதே அப்போதுதான். எல்லாவற்றையும்விட ஃபோர்மேன். அதிகாரம் போய்விட்டது என்று பொருமுவார் என எதிர்பார்த்தோம். ஒருநாள் டீ குடிக்கும்போது அவரே சொன்னார்: “நிங்ஙளுக்கு அறியுமோ, வீட்டுக்குப் போனா மச்சினன், கோயிலுக்குப் போனா சித்தப்பா மகன், எல்லாரும் ஆளுக்கு ஒரு பெயர் சொல்லி, இவனுக்கு ஓ.டி. கொடு, அவனுக்குக் கொடு என்பான். இப்பத்தான் நான் நிம்மதியா சோறு திங்கறேன்.” விரல் நீட்டியவரையும் அந்த விரல் ஆட்டி வைத்திருக்கிறது.

என் நோட்டு அதோடு பழைய பேப்பர்காரருக்குப் போயிற்று.

மாலை வகுப்பில் நான் கவனிக்காமல் தூங்கிய ஒரு பாடத்தை அப்போது எடுத்துப் படித்தேன். கர்ட் லெவின் என்று ஒரு யூதர். ஜெர்மனியில் பேராசிரியராக இருந்தவர், ஹிட்லர் வந்த 1933-ல் அமெரிக்காவுக்குப் போனார். ஒரு மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்பது அவனையும் அவன் நிற்கிற சூழலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் தெரியும் என்பது அவர் கட்சி. அவரும் லிப்பிட், ஒயிட் என்ற இரண்டு பேரும் அயோவாவில் நடத்திய சோதனையை 1939-ல் வெளியிட்டார்கள். பத்து வயசுப் பையன்களை ஐந்தைந்து பேராகச் சேர்த்துக் கைவேலை மன்றங்கள் அமைத்தார்கள். முகமூடி செய்வது இந்த மாதிரி வேலைகள். ஒரு பெரியவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து உத்தரவு போடுவார். இன்னொருவர் பையன்களோடு பேசி முடிவெடுப்பார். மூன்றாமவர் எப்படியோ செய்துகொள்ளுங்கள் என்று ஒதுங்கி நிற்பார். உத்தரவு போடுகிறவரிடம் வேலை நடந்தது, ஆனால் அவர் அறையை விட்டு வெளியே போனதும் நின்றுவிட்டது. ஒன்று பையன்கள் ஒருவரை ஒருவர் குதறினார்கள், அல்லது சுருண்டு கிடந்தார்கள். பேசி முடிவெடுக்கிறவர் வெளியே போனாலும் வேலை தொடர்ந்தது.

நாம் கவனிக்க வேண்டியது அடுத்த பகுதி. சில வாரங்களுக்கு ஒருமுறை தலைவர்களை மாற்றினார்கள். ஒரு தலைவரிடம் சுருண்டு கிடந்த அதே பையன்கள் அடுத்தவரிடம் வந்ததும் கலகலத்தார்கள். பையன்களின் வகை மாறவில்லை, மன்றம் நடந்த விதம் மாறியது. இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பேசி முடிவெடுக்கிற தலைவரா, உத்தரவு போடுகிறவரா என்று கேட்டதற்கு இருபது பேரில் பத்தொன்பது பேர் முதலாமவரைத்தான் சொன்னார்கள். மிச்சம் ஒரே ஒரு பையனுக்குக் கண்டிப்பானவரைத்தான் பிடித்திருந்தது. அவன் ஒரு ராணுவ அதிகாரியின் மகனாம். அந்த ஒரு பையனை நான் மறப்பதில்லை. சூழலே எல்லாம் என்று நான் துள்ளும்போதெல்லாம் அவன் வந்து நிற்பான்.

லெவினுக்காக அயோவா வரை போக வேண்டியதில்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் மட்டாஞ்சேரி. துறைமுகத்தில் அந்தக் காலத்தில் சரக்கு ஏற்றி இறக்க ஆள் பிடித்த முறைக்குச் சாப்பா என்று பெயர். சாப்பா என்றால் உலோக வில்லை. அது கையில் இருந்தால் அன்றைக்கு வேலை உண்டு, இல்லையென்றால் பட்டினி. இருக்கிற வில்லையைவிட ஆள் பல மடங்கு. கங்காணி என்று நாம் சொல்வோமே, அங்கே மூப்பன் என்பார்கள். அவர் அந்த வில்லைகளைக் கூட்டத்துக்கு நடுவே வீசி எறிவார். வளர்ந்த மனிதர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள், ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு மண்ணில் புரண்டு அதைப் பொறுக்குவார்கள். மேலே நின்று பார்க்கிற ஒருவருக்கு என்ன தோன்றும்? ‘இந்த ஆட்களே இப்படித்தான், அடித்துக்கொள்கிற ஜாதி’ என்று தோன்றும். அப்படிச் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள்.

அதே ஆட்கள்தான் சங்கம் கட்டினார்கள். சாப்பாவுக்கு எதிராக ஒன்றாக நின்றார்கள். 1953 செப்டம்பர் 15-ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. சைது, சைதலவி என்ற இருவர் அதில் விழுந்தார்கள். ஆன்டனி என்பவர் போலீஸ் பிடியில் பட்ட சித்திரவதையால் இறந்தார். மூவர் பெயரையும் இன்றைக்கும் மட்டாஞ்சேரியில் சேர்த்துத்தான் சொல்வார்கள். கே.எம். சிதம்பரன் இதை நாடகமாக எழுதினார். அதை வைத்து ராஜீவ் ரவி எடுத்த ‘துறமுகம்’ படம் 2023-ல் வந்தது. கிடைத்தால் பாருங்கள், பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம். நேற்று வரை ஒரு வில்லைக்காகப் பக்கத்தில் இருந்தவன் கையை முறுக்கியவர்கள், அந்தப் பக்கத்து ஆளோடு துப்பாக்கிக்கு எதிரே தோள் சேர்ந்து நின்றிருக்கிறார்கள். இவர்களுக்கு எந்த நான்கெழுத்தைக் கொடுப்பது என்று எம்.பி.ஏ.க்காரியிடம் பின்னால் ஒருநாள் கேட்டேன். “தாத்தா, நீங்க ஓவர்” என்றாள்.

கயிற்றுக்கு வருகிறேன். மாக்ஸ் ரிங்கெல்மான் என்று பிரான்சில் ஒரு விவசாயப் பொறியாளர் இருந்தார். மாடு எவ்வளவு இழுக்கும், மனிதன் எவ்வளவு இழுப்பான், எது லாபம் என்று அளந்து பார்க்கிற மனிதர். அவர் 1913-ல் வெளியிட்ட கணக்கு இன்றும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. கயிற்றை ஒருவர் தனியாக இழுக்கும்போது போடுகிற பலம், கூட்டம் சேரச் சேரக் குறைகிறது. எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்குப் பாதி பலம்தான் வருகிறது. ஒருவேளை எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காததால் இருக்கலாமே என்று பிறகு சிலர் சந்தேகப்பட்டார்கள். 1974-ல் அமெரிக்காவில் ஒருவரின் கண்ணைக் கட்டி முன்னால் நிறுத்தி, பின்னால் நிறையப் பேர் இழுக்கிறார்கள் என்று நம்ப வைத்தார்கள். உண்மையில் பின்னால் யாரும் இழுக்கவில்லை. அப்படியும் அந்த ஆளின் இழுப்புக் குறைந்தது. ஆனால் யார் எவ்வளவு இழுத்தார் என்று தனியாகத் தெரியும்படி செய்தால் இந்தச் சோம்பல் வடிந்துவிடுகிறது என்று இன்னும் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். கூட இருப்பவர்கள் வேண்டியவர்களாக இருந்தாலும், செய்கிற வேலைக்கு அர்த்தம் இருந்தாலும் அப்படித்தானாம்.

ஃபோர்ட் கொச்சி கடற்கரையில் சீன வலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றுலா வருகிறவர்கள் அஸ்தமனத்தோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கொஞ்ச நேரம் நின்று ஆட்களைப் பாருங்கள். ஒரு வலைக்கு ஆறு பேர் வரை இருப்பார்கள். பெரிய மரச்சட்டத்தின் ஒரு முனையில் வலை, மறுமுனையில் கயிறுகளில் கட்டித் தொங்கவிட்ட கற்கள். சட்டத்தின் மேல் ஒருவர் நடந்து போனாலே வலை தண்ணீரில் இறங்கிவிடும், அவ்வளவு துல்லியமாக எடை கட்டியிருக்கிறார்கள். சில நிமிஷம் கழித்து எல்லாரும் சேர்ந்து இழுத்தால் ஏறும். அங்கே யாரும் கயிற்றைச் சும்மா தொட்டுக்கொண்டு நிற்க முடியாது. ஆறு பேரில் ஒருவர் தளர்ந்தால் பக்கத்துத் தோளுக்கு உடனே தெரியும். கிடைக்கிற மீனும் ஆறு பங்கு. குணா குகை வாசலில் கயிற்றைப் பிடித்திருந்தவர்களையும் நான் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன். படத்தில் அவர்களை வடம் இழுக்கிற போட்டியில் தோற்கிற கூட்டமாகக் காட்டியிருப்பார்கள். தெருப் போட்டியில் தோற்ற கைகள் அங்கே எப்படித் தோற்கவில்லை? கயிற்றின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

அதற்காகத் தலைவர் என்று ஒருவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏலூரில் பழைய ஆட்களிடம் எம்.கே.கே. நாயர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரி, 1959-ல் ஃபாக்டுக்குத் தலைமை ஏற்றவர். உரக் கம்பெனி வளாகத்தில் கதகளியை வளர்த்தவர். ‘ஃபாக்ட்’ என்பதையே பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் கதகளிக் கலைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1965-ல் அங்கே வடிவமைப்புக்கென்று தனிப் பிரிவு வந்தது. அதுவரை வெளிநாட்டார் வரைந்து கொடுத்த ஆலையை ஓட்டிக்கொண்டிருந்த பொறியாளர்களை வரைபலகைக்கு முன்னால் உட்கார வைத்தது அது. ஆளைத் தேடி அலைவதைவிட, இருக்கிற ஆளுக்கு எந்த இடம் என்று யோசிப்பது தலைமையில் பெரும்பகுதி என்று நான் நினைப்பதற்கு அவரும் ஒரு காரணம். வள்ளுவரும் ‘தெரிந்து தெளித’லுக்கு அடுத்ததாகவே ‘தெரிந்து வினையாடலை’ வைத்திருக்கிறார். ஆளை அறிவதோடு வேலை முடிவதில்லை, அவரை எதில் பொருத்துவது என்பதற்கும் ஒரு முழு அதிகாரம் தேவைப்பட்டிருக்கிறது.

2018 ஆகஸ்டில் பெரியாறு எங்கள் வீட்டுக்குள் வந்தது. செறுதோணி அணையின் ஷட்டரை 26 வருஷத்துக்குப் பிறகு திறந்த வருஷம். ஆலுவா, ஏலூர், பறவூர் எல்லாம் தண்ணீர். நாங்கள் ஒரு பள்ளிக்கூட முகாமில் கிடந்தோம். முதல் நாள் பாய், பிஸ்கட், பால் பவுடர் எல்லாம் யாருக்குக் கை நீளமோ அவர்களுக்கு. அறிமுகமான மனிதர்கள், கோயிலில் பார்த்துச் சிரிக்கிறவர்கள், இடித்துத் தள்ளினார்கள். மறுநாள் ரிட்டயரான ஒரு நர்ஸம்மா அறைவாரியாகப் பெயர் எழுதினார். அறைக்கு ஒருவர் மட்டும் வந்து எல்லாருக்கும் வாங்கிப் போக வேண்டும், அந்த ஒருவரும் தினம் மாற வேண்டும். தள்ளுமுள்ளு நின்றது. எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஸ்டோர் ரூம் கணக்கு நோட்டைக் கொடுத்தார். அவர் நொட்டை சொல்வதை நிறுத்தவே இல்லை, ஆனால் கணக்கு ஒரு படி அரிசி பிசகாமல் இருந்தது. இன்னொருவர் இருந்தார். பட்டியல் வந்த பிறகும் பால் பவுடர் பாக்கெட்டைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்தார். இருபதில் அந்த ஒரு பையன், வயசாகி எங்கள் முகாமுக்கு வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். மனிதர்களின் குணத்தில் பாதி அவர்களை நிறுத்தியிருக்கும் இடத்தின் குணம் என்பது என் கணக்கு. மீதிப் பாதி இருக்கத்தான் இருக்கிறது, அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

எம்.பி.ஏ.க்காரியிடம் நான் கேட்டது இரண்டே கேள்வி. “உங்க குழுவுல வேலையைப் பிரிச்சுப் போடறது யாரு? எப்போ போடறாங்க?” அதெல்லாம் அசைன்மென்டில் கேட்கவில்லை என்று முதலில் சலித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். குழுத்தலைவன், அதாவது அந்தப் ‘பிறவித் தலைவர்’, ராத்திரி பதினோரு மணிவாக்கில் வாட்ஸ்அப்பில் வேலைப் பட்டியலைப் போடுவானாம். முதலில் பெயரைத் தட்டுகிறவருக்கு அந்த வேலை. மேடையில் பேசுவது, படம் போடுவது எல்லாம் ஒரு நிமிஷத்தில் போய்விடும். அந்த ஐந்தாவது பெண்ணுக்கு ஊர் வைப்பின் தீவுப் பக்கம். வீட்டில் மீன் வியாபாரம், விடியுமுன் எழுந்து அம்மாவுக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். அவள் ஒன்பது மணிக்கே தூங்கிவிடுவாள். காலையில் பார்க்கும்போது மிச்சம் இருப்பது ஒரே வேலை, எல்லாரும் எழுதியதைச் சேர்த்து எழுத்துரு சரி பண்ணுவது. மூன்று முறையும் அதுவே அவள் தலையில். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்தாளாம்.

“இது சாப்பா இல்லையா?” என்று கேட்டேன். மட்டாஞ்சேரிக் கதையை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது, ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள், லேப்டாப்பை மூடிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வாரம் கழித்து வந்து விவரம் சொன்னாள். அடுத்த வேலைக்குச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார்களாம். வைப்பின் பெண்ணுக்கு மேடையில் பேசுகிற சீட்டு விழுந்தது. பிரமாதமாகப் பேசிக் கைதட்டல் வாங்கினாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். சுமாராகத்தான் பேசினாளாம். பிறவித் தலைவருக்கு எழுத்துரு வேலை வந்தது, அவன் அதை இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்தானாம். ‘குழுவின் வேகத்தைக் குறைத்தவர்’ என்ற வரியை இவள் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டாள்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது ஏதோ ஒரு கமிட்டியில் இருப்பீர்கள். குடியிருப்போர் சங்கம், கோயில் விழா, பள்ளிப் பெற்றோர் கழகம், இல்லாவிட்டால் அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்துகிற கடை. ‘அந்த ஆள் எதற்கும் வரமாட்டார்’ என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கிற ஒருவர் அங்கே நிச்சயம் இருப்பார். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு பேப்பரை எடுத்து, கடந்த வருஷம் எந்த வேலை யாருக்குப் போனது, அதை யார் எப்போது முடிவு செய்தார்கள் என்று எழுதிப் பாருங்கள். ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால், கொடுக்கிற முறையை ஒரு வருஷம் மாற்றிப் பாருங்கள். அப்புறமும் அவர் வரவில்லையென்றால், அப்போது அவரைத் திட்டுங்கள். நானும் கூட வந்து திட்டுகிறேன்.